தொடாமல் அறியும் தடிமன்: ஆலைகளில் கதிர்வீச்சு கேஜ்கள் குறித்து ஒரு மதிப்பாய்வு

எஃகு ஆலையின் ஹாட் ஸ்ட்ரிப் மில்லில் கடைசி உருளை ஜோடியைத் தாண்டி வரும் தகடு ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நொடிக்குப் பத்து மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் ஓடுகிறது. காகித இயந்திரத்தில் உலர்ந்து வரும் தாள் நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டர் ஓடுவது இன்று சாதாரணம். இரண்டிலும் தடிமன் பிசகினால் நட்டம்தான். கூடினால் மூலப்பொருள் வீண். குறைந்தால் சுருள் ஆலைக்கே திரும்பி வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தடிமன் தெரிந்தால்தான் உருளையின் அழுத்தத்தையோ கூழின் வரத்தையோ அப்போதே திருத்த முடியும். மைக்ரோமீட்டரை நீட்டினால் தாள் கிழியும். எஃகிலோ கருவி கருகும். பொருளைத் தொடாமல், நிறுத்தாமல், வெட்டிப் பார்க்காமல் அதன் தடிமனை எப்படி அறிவது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலிருந்து இக்கேள்விக்குத் தொழில்துறை தந்துவரும் முதன்மையான விடை கதிர்வீச்சு. ஆனால் அது ஒரே விடையாக இருந்ததில்லை. கதிரியக்க ஐசோடோப்பே நம்பகமானது என்போர், எக்ஸ் கதிர்க் குழாயே போதும் என்போர், ஊடுருவும் கதிரைவிடத் திரும்பி வரும் கதிரைப் பார்க்க வேண்டும் என்போர், கதிர்வீச்சே வேண்டாம் என்போர் என நான்கு தரப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே வலுவிழக்கிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. எந்தக் கருவி துல்லியமானது என்ற வழக்கமான விவாதத்துக்கு அடியில் இன்னும் அடிப்படையான ஒரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் எதை மெய்யென்று கொண்டு தடிமனைச் சொல்கிறது? தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

கேஜ் உண்மையில் அளப்பது எது?

அடிப்படை எளிது. ஒருபுறம் கதிர் மூலம், மறுபுறம் உணரி, நடுவில் பொருள். பொருள் தடிக்கத் தடிக்க மறுபுறம் சேரும் கதிர் குறையும். இந்தக் குறைவு நேர்க்கோட்டில் அமையாது; ஒவ்வொரு சம அடுக்கும் தன்னிடம் வரும் கதிரில் அதே விகிதத்தை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதைத் தணிப்புக் கெழு சொல்கிறது. அது கதிரின் ஆற்றலையும் பொருளில் உள்ள தனிமங்களையும் பொறுத்தது.

ஆனால் கதிருக்கு மில்லிமீட்டர் தெரியாது. தன் பாதையில் எவ்வளவு நிறை கிடக்கிறது என்பதையே அது உணர்கிறது. ஆகவே கேஜ் நேரடியாகத் தருவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. காகித ஆலைகளில் ஜி.எஸ்.எம். என்று அன்றாடம் வழங்குவது இதையே. தாள் எடைக்கு விற்கப்படுவதால் அங்கே இது குறையாகாது, வசதியே. தடிமன்தான் வேண்டும் என்னும் எஃகு, அலுமினியம், பிளாஸ்டிக் தொழில்களில் மட்டும் கிடைத்த எண்ணை அடர்த்தியால் வகுக்க வேண்டியிருக்கிறது. அந்த அடர்த்தியைக் கேஜ் அளப்பதில்லை. யாரோ உள்ளிட்ட எண் அது. நுரை பிளாஸ்டிக், நெய்யாத துணி போல அடர்த்தி இடத்துக்கிடம் மாறும் பொருள்களில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரியும். அவற்றில் ஒரே பரப்பு நிறையுள்ள இரு துண்டுகள் வெவ்வேறு தடிமனில் இருக்கலாம்.

விடைகள் வந்த வழி

ரோன்ட்கன் 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டபோதே, பொருளின் தடிமனுக்கும் நிழலின் அடர்வுக்கும் உள்ள தொடர்பு தெரிந்துவிட்டது. அதை ஆலைக் கருவியாக்க நம்பகமான உணரிகள் தேவைப்பட்டன. 1928-ல் கைகரும் முல்லரும் உருவாக்கிய எண்ணி அந்த வழியில் முக்கியமான படி. 1940-களின் பிற்பகுதியில் ஹாஃப்ஸ்டாட்டர், தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் காமா கதிர் பட்டால் மினுக்குவதைக் காட்டினார். அது இன்னும் நுண்மையான உணரியைத் தந்தது.

மூலங்களின் பக்கத்தில் திருப்பம் 1946-ல் நேர்ந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் அந்த ஆகஸ்டில் அணு உலையில் தயாரித்த ஐசோடோப்புகளை வெளியாருக்கு அனுப்பத் தொடங்கியது. முதலில் மருத்துவத்துக்குப் போன இப்பொருள்கள் சில ஆண்டுகளிலேயே ஆலைகளுக்கும் வந்தன. காகிதம், பிளாஸ்டிக் படலம், டயருக்கான ரப்பர்த் தாள், சிகரெட்டில் திணிக்கப்படும் புகையிலையின் அடர்வு என அளவீடுகள் விரிந்தன. ஹோமி பாபா தலைமையேற்ற 1955 ஜெனீவா மாநாடு அணுவின் அமைதிப் பயன்களை உலகின் முன் வைத்தபோது, தொழிலில் ஐசோடோப் பயன்பாடும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்க ஒரு கூறு உண்டு. கிரிப்டான்-85, ஸ்ட்ரான்ஷியம்-90, சீசியம்-137, புரோமீத்தியம்-147 நான்கும் அணுப்பிளவின் எச்சங்கள். அமெரிசியம்-241 புளூட்டோனியத்தின் வழி வருவது. தடிமன் அளவிக்கென்று தேடிக் கண்டெடுக்கப்பட்டவை அல்ல இவை. உலைகள் இயங்கியதால் கைக்கு வந்தவை. ஐசோடோப் தரப்பின் வலுவும், இன்று அது எதிர்கொள்ளும் கேள்விகளும் இந்தப் பிறப்பிலேயே தொடங்குகின்றன.

முதல் தரப்பு: ஐசோடோப்பின் நிதானம்

ஐசோடோப்பை ஆதரிப்போரின் வாதம் சுருக்கமானது. அதற்கு மின்சாரம் வேண்டாம், அது பழுதாகாது, அதன் தேய்வு முன்கூட்டியே கணக்கிடத்தக்கது. கிரிப்டான்-85-ன் அரை ஆயுள் 10.8 ஆண்டு, ஆண்டுக்கு 6 சதவீதத்துக்குச் சற்று மேல் வலு குறையும். இந்தக் குறைவைக் கருவியே நாள்தோறும் ஈடுசெய்துகொள்ளலாம். 432 ஆண்டு அரை ஆயுள் கொண்ட அமெரிசியம்-241-ல் ஆலையின் ஆயுட்காலம் முழுவதும் அந்தக் குறைவு பொருட்படுத்தத்தக்கதே அல்ல.

எந்தப் பொருளுக்கு எந்த மூலம் என்பதை ஆற்றல் தீர்மானிக்கிறது. மெல்லிய படலத்துக்கும் இலேசான தாளுக்கும் புரோமீத்தியம்-147-ன் வலுக் குறைந்த பீட்டா போதும். சாதாரணக் காகிதம், அட்டை, பிளாஸ்டிக் தாளுக்குக் கிரிப்டான்-85 ஏறக்குறைய 1,000 ஜி.எஸ்.எம். வரை கைகொடுக்கும். கனத்த ரப்பர்த் தாளுக்கும் தரைவிரிப்புக்கும் ஸ்ட்ரான்ஷியம்-90 வேண்டும். உலோகத்தில் பீட்டா வெகு விரைவில் நின்றுவிடுவதால் காமாவுக்குப் போக வேண்டும்.

அங்கே தேர்வின் நுட்பம் தெளிவாகத் தெரிகிறது. அமெரிசியம்-241-ன் காமா ஏறத்தாழ 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். இரும்பில் அது பாதியாகக் குறைய 0.7 மி.மீ. சொச்சம் போதும். சீசியம்-137-ன் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா பாதியாக 12 மி.மீ. வேண்டும். முதலாவது குளிர் உருட்டலில் வரும் மெல்லிய தகட்டுக்கும், இரண்டாவது கனத்த பிளேட்டுக்கும் உருவமேறும் சூட்டில் வரும் தையலற்ற குழாயின் சுவருக்கும் பொருந்துகின்றன. கணக்கு இன்னொன்றும் சொல்கிறது: மூலத்தின் வலு மாறாதிருக்கும்போது, வந்த கற்றையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மட்டும் மறுபுறம் சேரும் தடிமனில்தான் சார்புப் பிழை மிகக் குறைவாக இருக்கும். அமெரிசியத்துக்கு அது இரும்பில் சுமார் 2 மி.மீ.; சீசியத்துக்கு மூன்றரை சென்டிமீட்டரை ஒட்டியது.

இத்தரப்பின் பலவீனங்கள் இரண்டு. ஒன்று, பாதுகாப்பாக வைக்கத்தக்க மூலத்தின் வலுவுக்கு எல்லை உண்டு. எனவே நொடிக்குக் கிடைக்கும் கதிரின் எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. மற்றொன்று, மூலத்தை அணைக்க முடியாது. ஷட்டரை மூடலாம், உள்ளே சிதைவு தொடரும்.

இரண்டாம் தரப்பு: அணைக்கத்தக்க எக்ஸ் கதிர்

எக்ஸ் கதிர்க் குழாயை முன்வைப்போர் இந்த இரண்டு பலவீனங்களையும் குறிவைக்கின்றனர். சிறிய குழாய்கூட வழக்கமான கேஜ் ஐசோடோப்பைவிடப் பன்மடங்கு அடர்ந்த கற்றையைத் தரும். அதனால் மில்லிநொடிகளில் முடிவு சொல்லலாம். உருட்டாலையின் தானியங்கித் தடிமன் கட்டுப்பாட்டுக்கு இந்த வேகம் இன்றியமையாதது. மின்னழுத்தத்தை மாற்றினால் ஆற்றலும் மாறும். ஒரே கருவி பல தடிமன்களுக்கு உதவும். மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். ஆலையை மூடினால் கதிரியக்கப் பொருள் எதுவும் எஞ்சாது.

இதற்கு விலையாக நிலைத்தன்மையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. குழாயின் மின்னழுத்தம் ஒரு சதவீதம் ஆடினால் கற்றையின் வலு அதைவிடக் கூடுதலாக ஆடும். கூடவே ஆற்றலும் நகரும். அதனால்தான் எஃகு ஆலையின் எக்ஸ் கதிர் கேஜ்களில் தடிமன் தெரிந்த உலோக மாதிரிகளைத் தானே கற்றைக்குள் நுழைத்துச் சரிபார்த்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. சுருளுக்கும் சுருளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் இது நடக்கும். இரண்டாவது சிக்கல், குழாயிலிருந்து வரும் கற்றை பல ஆற்றல்களின் கலவை. வலுக் குறைந்தவை முதல் அடுக்குகளிலேயே நின்றுவிட, மிஞ்சுவது வலுக் கூடியதாகிறது. ஆகவே தணிவு எளிய விதியைப் பின்பற்றாது; அளவுத்திருத்த வளைவை மாதிரிகளைக் கொண்டே வரைய வேண்டும்.

மூன்றாவது சிக்கல் ஆழமானது. இந்த ஆற்றல் வட்டாரத்தில் தணிவு அணு எண்ணைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. 304 வகைத் துருப்பிடிக்கா எஃகுக்கு அளவுத்திருத்தம் செய்த கருவியின் ஊடே, இரண்டு சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் கொண்ட 316 வகை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அருகே மாலிப்டினம் கிராமுக்குக் கிராம் இரும்பைவிட மூன்று மடங்குக்கு மேல் கதிரை எடுத்துக்கொள்ளும். உலோகக் கலவைக்கான திருத்தத்தை உள்ளிட மறந்தால், கருவி தகட்டை ஏறத்தாழ ஐந்து சதவீதம் தடித்ததாகக் காட்டும். கட்டுப்பாட்டு அமைப்பு அதை நம்பி உருளையை அழுத்தி, தகட்டை மெலிதாக்கிவிடும். 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் இந்த வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆற்றலில் மெல்லிய தகடு கதிரைத் தடுப்பதே மிகச் சொற்பம். கலவையைப் பொருட்படுத்தாத கதிருக்கு மெல்லிய தடிமன் சரியாகத் தெரியாது. மெல்லிய தடிமனை நன்கு உணரும் கதிர் கலவையால் ஏமாறும். இந்த இழுபறியைத் தீர்க்கும் ஒற்றை ஆற்றல் இல்லை. இரு ஆற்றல்களில் ஒருசேர அளந்து கலவையையும் தடிமனையும் பிரித்தறியும் முறைகள் உண்டு. அவற்றில் இரண்டு அளவீடுகளின் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாம் தரப்பு: திரும்பி வரும் கதிர்

எல்லாப் பொருளுக்கும் இரு பக்கமும் எட்டாது. குழாய், தொட்டி, உருளைமேல் படிந்த தாள் ஆகியவற்றில் ஒரு பக்கம்தான் கிடைக்கும். தகட்டின்மேல் உள்ள பூச்சை அளக்க வேண்டுமானால் ஊடுருவும் முறை உதவாது. அடித்தகட்டின் ஏற்ற இறக்கத்தில் பூச்சின் அளவு மூழ்கிவிடும். இங்கே பின்சிதறலும், எக்ஸ் கதிர் ஒளிர்வும் வருகின்றன.

பீட்டா பின்சிதறல், பூச்சுக்கும் அடிப்பொருளுக்கும் அணு எண்ணில் நல்ல இடைவெளி இருந்தால் சிறப்பாக வேலை செய்யும். செம்பின் (29) மேல் பொன்பூச்சு (79) அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. இரும்பின் (26) மேல் துத்தநாகம் (30) என்றால் இடைவெளி போதாது, முறை தடுமாறும். கால்வனைஸ் செய்த தகட்டுக்கு ஒளிர்வு முறையே விடையாயிற்று. எக்ஸ் கதிர் பட்ட துத்தநாகம் தனக்கே உரிய 8.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரையும், இரும்பு 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரையும் உமிழும். எது எவ்வளவு வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் பூச்சின் எடை தெரியும். ஒரு பக்கத்துக்கு 60 ஜி.எஸ்.எம். துத்தநாகம் என்பது எட்டு மைக்ரான் சொச்சம்தான். இவ்வளவு மெல்லிய படலத்தைச் சூடான தகட்டின்மேல், ஓட்டத்திலேயே அளக்க முடிவது இத்தரப்பின் உண்மையான சாதனை.

எல்லையும் அதே இயற்பியலில் இருக்கிறது. பூச்சு ஓர் அளவைத் தாண்டியதும் அடியிலிருந்து வரும் கதிர் வெளியேற முடியாமல் போய்விடும். அதன்பின் எவ்வளவு தடித்தாலும் அளவு மாறாது. துத்தநாகத்தோடு அலுமினியம், மெக்னீசியம் சேர்ந்த புதிய பூச்சுகளில் இலேசான தனிமங்களின் கதிர் வலுவற்றது என்பதால், அவற்றின் பங்கை மறைமுகமாகவே கணிக்க வேண்டியிருக்கிறது.

உணரியும் காலமும்

மூலத்தைப் பற்றிய விவாதத்தில் உணரி பின்தள்ளப்படுவதுண்டு. ஆனால் எவ்வளவு விரைவில் எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதை உணரியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கதிரியக்கச் சிதைவு தற்செயலாக நிகழ்வது. எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலத்தைப் போன்றது. ஆயிரத்தில் ஒரு பங்கு உறுதி வேண்டுமென்றால் பத்து லட்சம் துகள்களையாவது எண்ண வேண்டும். ஒவ்வொரு துகளுக்குப் பின்னும் ஏறத்தாழ நூறு மைக்ரோநொடி செயலற்றிருக்கும் கைகர்-முல்லர் எண்ணி நம்பகமாக எண்ணுவது நொடிக்குச் சில ஆயிரமே. பத்து லட்சத்தை எட்ட அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் காகிதம் கிலோமீட்டர் கணக்கில் ஓடியிருக்கும்.

இதனால்தான் விரைந்தோடும் ஆலைகளில் அயனியாக்கக் கலமே நிலைத்தது. ஆர்கான் போன்ற வாயு அடைத்த அக்கலம் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணாமல், அவை உண்டாக்கும் மொத்த மின்னோட்டத்தை அளக்கிறது. அந்த மின்னோட்டம் மிக மிகச் சிறியது. அதைப் பெருக்கும் சுற்று ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அசையாதிருக்க வேண்டும். உயர் ஆற்றல் காமாவுக்குச் சோடியம் அயோடைடு படிகமும் பிளாஸ்டிக் மினுக்கப் பொருளும் கூடுதல் பங்கைப் பிடிக்கும். ஆனால் வெப்பநிலை மாறினால் அவற்றின் ஒளியும் மாறும். ஒளிர்வு முறைக்கு ஆற்றலைப் பிரித்தறியும் விகிதாச்சார எண்ணியோ குறைகடத்தி உணரியோ வேண்டும். எல்லா வேலைக்கும் ஏற்ற ஒரே உணரி இதுவரை இல்லை.

பிழை நுழையும் வாசல்கள்

ஆய்வகத்தில் சிறந்து விளங்கும் கேஜ் ஆலையில் தடுமாறுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மூலத்திலும் இல்லை, உணரியிலும் இல்லை. இடையில் இருப்பவற்றில் இருக்கின்றன.

முதலாவது காற்று. மூலத்துக்கும் உணரிக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்றால், அங்கே சாதாரண வெப்பநிலையில் 12 ஜி.எஸ்.எம். காற்று நிற்கிறது. உலர்த்தியின் சூட்டில் அது 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் ஒன்பது சதவீதம் இலேசாகும், அதாவது 1.1 ஜி.எஸ்.எம். குறையும். ஓடுவது 45 ஜி.எஸ்.எம். செய்தித்தாள் காகிதம் என்றால், தாளில் எந்த மாற்றமும் இல்லாமலேயே இரண்டரை சதவீதத்துக்கு அருகே பிழை வந்துவிடும். வெப்பநிலையைத் தனியே அளந்து திருத்துவதும், சீரான சூட்டில் காற்றைச் செலுத்துவதும் இதற்காகத்தான்.

இரண்டாவது வெப்பம். 900 டிகிரியில் எஃகு ஒவ்வொரு திசையிலும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் விரிகிறது. பரப்பு இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. வாங்குபவர் கேட்பது ஆறிய பிறகான தடிமன். கேஜ் உணரும் பரப்பு நிறையோ அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். ஆகவே தகட்டின் வெப்பநிலையைப் பைரோமீட்டர் தவறாகச் சொன்னால் அந்தத் தவறும் தடிமனாக மாறிவிடும்.

மூன்றாவது உட்பொருள். காகிதத்தில் கால்சியம் கார்பனேட் நிரப்பி கூடினால் பீட்டா அளவு சற்றே நகரும். வலுக் குறைந்த எக்ஸ் கதிரின் அளவு வெகுவாக நகரும். அந்த வேறுபாட்டையே பயன்படுத்தி, இரும்பு-55 மூலத்தைக் கொண்டு தாளின் சாம்பல் அளவைக் கணிப்பதும் உண்டு. ஓர் அளவீட்டின் பிழை இன்னோர் அளவீட்டுக்குச் செய்தியாகிறது.

நான்காவது, அளக்காமல் விடுபடும் பரப்பு. காகித இயந்திரத்தில் கேஜ் ஸ்கேனரில் ஏறி அகலவாக்கில் போய்வருகிறது. ஆறு மீட்டர் அகலத்தை அது இருபது நொடியில் கடக்கிறது, தாள் நொடிக்குப் பதினைந்து மீட்டர் ஓடுகிறது என்று கொண்டால், அந்த ஒரு கடப்பில் 300 மீட்டர் தாள் போய்விடுகிறது. கற்றையின் அகலம் ஒரு சென்டிமீட்டர் என்றால், அதன் கண்ணில் பட்டது ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. அகலவாக்கில் உள்ள மேடுபள்ளத்தையும் நீளவாக்கில் வரும் துடிப்பையும் இந்தச் சாய்ந்த கோட்டிலிருந்து பிரித்தறிவது இன்றும் கட்டுப்பாட்டுப் பொறியாளர்களின் தீராத வேலை.

நான்காம் தரப்பு: கதிர்வீச்சு தேவைதானா?

லேசர், அகச்சிவப்பு, மீயொலி, மின்சுழல் ஓட்டம், டெராஹெர்ட்ஸ் அலை ஆகியவை ஒவ்வொன்றும் சில இடங்களில் கதிர்வீச்சை வெளியேற்றியிருக்கின்றன. தகட்டின் மேலும் கீழும் லேசரை வைத்து இரு பரப்புகளின் இடத்தை அளந்தால் உண்மையான தடிமனே கிடைக்கும். கலவையோ அடர்த்தியோ குறுக்கிடாது. பிளாஸ்டிக் படலங்களில் அகச்சிவப்பு உட்கவரல் அடுக்குகளைத் தனித்தனியே பிரித்தறியும். கேஜில் வைத்த பீட்டாவால் அது முடியாது. டெராஹெர்ட்ஸ் அலை பெயின்ட்டின் பல அடுக்குகளைத் தொடாமலே காட்டும்.

இவற்றுக்கும் எடுகோள்கள் உண்டு. லேசருக்கு மேலும் கீழும் உள்ள தலைகள் ஒன்றுக்கொன்று மைக்ரான் அளவுகூட அசையக் கூடாது. ஆவியும் செதில்களும் பறக்கும் ஹாட் மில்லில் அது கடினம். அகச்சிவப்புக்குப் பொருளின் வேதியியல் மாறாதிருக்க வேண்டும்; கார்பன் கருமை கலந்த தாளில் அது குருடாகும். மீயொலியால் பொதுவாகத் தொடாமலும் இடைத் திரவம் இல்லாமலும் அளக்க முடியாது. அவற்றைத் தவிர்க்கும் வகைகள் மெல்லிய பொருளில் தடுமாறும். மின்சுழல் முறை மின்கடத்திக்கே பொருந்தும்.

லித்தியம் பேட்டரித் தொழில் இந்த விவாதத்துக்குப் புதிய களமாகியிருக்கிறது. எட்டு மைக்ரான் செம்புத் தகட்டின் எடையே ஏறத்தாழ 72 ஜி.எஸ்.எம். அதன் இருபுறமும் பூசப்படும் மின்வாய்ப் பொருளின் எடையே மின்கலத்தின் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. தேவைப்படுவது தடிமன் அல்ல, எடை என்பதால் பீட்டாவும் எக்ஸ் கதிரும் இங்கே மீண்டும் முன்னணிக்கு வந்துள்ளன. அழுத்திய பின் எவ்வளவு இறுகியது என்பதை அறிய லேசர் தடிமன் அளவும் பக்கத்தில் வேண்டும். இரண்டையும் இணைத்தால்தான் அடர்த்தி கிடைக்கும். பழைய எதிர்த்தரப்புகள் ஒன்றுக்கொன்று துணையாவதை இங்கே காணலாம்.

மூலத்தின் மறுவாழ்வு

பாதுகாப்பு பற்றிய விவாதத்தில் இயல்பான இயக்கத்தையும் கைவிடப்பட்ட மூலத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பது அவசியம். ஒழுங்காகப் பொருத்தி, ஷட்டரும் தடுப்பும் சரியாக இருக்கும் தடிமன் கேஜிலிருந்து தொழிலாளிக்குக் கிடைக்கும் கதிரளவு பொதுவாக மிகக் குறைவு. சர்வதேச அணுசக்தி முகமையின் ஐந்து படிப் பகுப்பில் தடிமன் கேஜ்கள் பெரும்பாலும் நான்காம் படியில், அதாவது ஆபத்துக் குறைந்த பக்கத்தில், வைக்கப்படுகின்றன. இந்தியாவில் 1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இவற்றுக்கு உரிமம் தருகிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், பதிவேடு, பயன்பாடு முடிந்ததும் மூலத்தைத் திருப்பியனுப்பும் கடமை ஆகியவற்றை விதிக்கிறது.

கவலை அதற்கு அப்பால் தொடங்குகிறது. 1998-ல் ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் அருகே பழைய இரும்போடு கலந்து வந்த சீசியம்-137 மூலம் ஒன்று எஃகு உலையில் உருகியது. அதன் தடயம் காற்றில் கலந்து பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளில் அளவிகளில் பதிந்தது. 2010-ல் டெல்லி மாயாபுரி ஸ்கிராப் சந்தையில் கோபால்ட்-60 வெட்டிப் பிரிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். அது கேஜ் அல்ல, ஆய்வகக் கருவி. ஆனாலும் பதிவேட்டிலிருந்து நழுவிய மூலம் பழைய இரும்புக் கடைக்கு எப்படி வந்துசேரும் என்பதை அது நம் கண்முன் காட்டியது. 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தின் அடர்த்தி கேஜிலிருந்து 8 மி.மீ. நீளமே உள்ள சீசியம்-137 குப்பி சாலைப் பயணத்தில் விழுந்தது. ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் பாதையில் தேடி, பிப்ரவரி முதல் நாளில் கண்டெடுத்தார்கள்.

ஆபத்தின் பெரும்பகுதி கருவி ஓடும் காலத்தில் இல்லை; அது ஓய்ந்த பிறகு வருகிறது என்பதை இந்நிகழ்வுகள் சுட்டுகின்றன. அமெரிசியத்தின் 432 ஆண்டு அரை ஆயுள், அளவீட்டுப் பொறியாளருக்கு நிலைத்தன்மை. நொடித்துப்போன ஆலையின் பூட்டிய கொட்டகைக்கு அதே எண் தலைமுறைகளின் சுமை. பழைய இரும்பைக் கையால் பிரித்து வயிறு வளர்ப்பவர்களே இதில் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். அந்த மூலத்தை வாங்கும் முடிவில் அவர்களுக்குப் பங்கில்லை. அமெரிக்க தேசிய ஆய்வு மன்றத்தின் 2008 அறிக்கை, கதிரியக்க மூலங்களுக்கு மாற்றுகளை ஆராயும்போது, எளிதில் கரைந்து பரவும் சீசியம் குளோரைடைக் கைவிடுவதற்கு முன்னுரிமை தந்தது. அது பெரிய மூலங்களை முதன்மையாகக் கருதியது என்றாலும், மாற்று இருக்கும் இடத்தில் மாறலாமே என்னும் வாதத்துக்கு வலுச் சேர்த்தது.

மதிப்பீடு: தீர்ந்தவையும் தீராதவையும்

சில கேள்விகள் ஓரளவு தீர்ந்துவிட்டன என்று சொல்லலாம். வேகமும் பெரிய கற்றையும் வேண்டிய எஃகுத் தகட்டு ஆலைகளில் எக்ஸ் கதிர்க் குழாயின் பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது. பரப்பு நிறையே விலையைத் தீர்மானிக்கும் காகிதத்திலும் பேட்டரி மின்வாயிலும் ஊடுருவும் கதிர் இன்னும் பொருத்தமானது. அதிலும் பீட்டாவின் இடத்தை மென் எக்ஸ் கதிர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறது. பூச்சுகளுக்கு ஒளிர்வு முறையின் இடம் உறுதியானது. கனத்த, சூடான குழாய்ச் சுவருக்குச் சீசியத்தை முழுவதும் விலக்கும் மாற்று எளிதாகத் தென்படவில்லை; லேசர் கொண்டு கிளப்பும் மீயொலி ஒரு சாத்தியம், அதன் விலையும் பராமரிப்பும் தடை.

தீராதவை மூன்றைக் குறிப்பிடலாம். கலவை தொடர்ந்து மாறும் மறுசுழற்சிப் பொருள்கள் பெருகும்போது, ஒற்றை ஆற்றல் அளவீட்டின் எடுகோள் எவ்வளவு நாள் தாங்கும் என்பது முதலாவது. ஒரு கேஜ் ஸ்கேனரில் ஓடி ஆயிரத்தில் ஓரிரு பங்கைப் பார்ப்பதற்குப் பதில், அகலம் முழுவதும் உணரி வரிசையை நிறுத்துவது செலவுக்குத் தகுமா என்பது இரண்டாவது. உணரிகளின் விலை இறங்கினால் விடை மாறலாம். சில ஐசோடோப்புகளைப் பெருமளவில் தயாரிக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவாக இருக்க, அவற்றை நம்பிய ஆலைகள் எவ்வளவு உறுதியான நிலையில் உள்ளன என்பது மூன்றாவது.

இந்தத் தரப்புகளையெல்லாம் ஒருங்கே பார்க்கும்போது, ‘எது துல்லியமான கருவி’ என்ற கேள்வி பயனற்றதாகவில்லை என்றாலும் போதுமானதாக இல்லை. ஐசோடோப் கேஜ் பொருளின் அடர்த்தி மாறாது என்று கொள்கிறது. எக்ஸ் கதிர் கேஜ் கலவை மாறாது என்று கொள்கிறது. லேசர் தன் சட்டகம் அசையாது என்று கொள்கிறது. ஓர் ஆலையில் இவற்றுள் எந்த எடுகோளைக் காக்க முடியும் என்பதே தேர்வுக்கு நியாயமான தொடக்கம். அளவீட்டு அறிக்கையில் தடிமனோடு, அது எந்த அடர்த்தியையும் கலவையையும் வெப்பநிலையையும் கொண்டு கணிக்கப்பட்டது என்பதும் சேர்ந்து பதிவாக வேண்டும். கதிரியக்க மூலம்தான் தேவை என்றால், அதைத் திருப்பியனுப்பும் செலவும் பொறுப்பும் வாங்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். இவை இரண்டும் புதிய தொழில்நுட்பத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதவை. அளவீட்டின் நேர்மையும் ஆலைக்கு வெளியே உள்ளவர்களின் பாதுகாப்பும் கருவியின் தேர்வைக் காட்டிலும் இவற்றையே கூடுதலாகச் சார்ந்திருக்கக்கூடும்.